சான்றிதழ் இருந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஆகிவிடலாமா? - சந்தேகங்களும் விளக்கங்களும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆகிவிட்டது. விதிகளோடு பயிற்சி விளம்பரங்களும் பெருகிவிட்டன. ‘தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஆகுங்கள்’, ‘இரண்டே நாளில் சான்றிதழ்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சட்டத்தில் உள்ள 250 கோடி ரூபாய் அபராதத்தைச் சொல்லி முதலில் பயமுறுத்துகிறார்கள். பயிற்சிக் கட்டணம் எவ்வளவு என்பதை அதன் பிறகுதான் சொல்கிறார்கள்.

இந்தத் துறையில் நல்ல வேலை இருக்கிறது, அதற்கான நல்ல படிப்பும் இருக்கிறது. எந்தப் படிப்பு எந்த வேலைக்கு உதவும் என்று தெரியாமல் பணம் கட்டுவதில்தான் ஆபத்து. சட்டக் கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், மருத்துவமனை நிர்வாகிகள், அரசு அலுவலகங்களின் பொதுத் தகவல் அலுவலர்கள் ஆகியோருக்கு எழக்கூடிய சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

தரவுப் பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு இந்திய அரசு அங்கீகரித்த சான்றிதழ் எது?

அப்படி ஒன்று இல்லை. சட்டத்தின் 10ஆவது பிரிவு இந்த அதிகாரியைப் பற்றிப் பேசுகிறது. அவர் இந்தியாவில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருக்க வேண்டும், மக்களின் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கான தொடர்புப் புள்ளியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இன்ன பட்டம், இத்தனை ஆண்டு அனுபவம், இந்தத் தேர்வில் தேர்ச்சி என்ற நிபந்தனை எதுவும் சட்டத்திலும் இல்லை, 2025 விதிகளிலும் இல்லை.

ஆகவே ‘அரசு அங்கீகாரம் பெற்ற தரவுப் பாதுகாப்பு அதிகாரி சான்றிதழ்’ என்று ஒரு விளம்பரம் சொன்னால், எந்த அரசாணை, என்ன எண் என்று கேளுங்கள். பெரும்பாலும் கம்பெனிப் பதிவுச் சான்றையோ, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவையோ, ஐ.எஸ்.ஓ. 9001 சான்றையோ காட்டுவார்கள். அவையெல்லாம் அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டது என்பதற்கோ, அதன் நிர்வாக முறைக்கோ உரியவை. பாடத்தின் தரத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

வெளிநாடுகளில் நிலைமை சற்றே வேறு. பிரான்சில் தரவுப் பாதுகாப்பு ஆணையமான க்னில், 2018இல் இந்த அதிகாரிகளின் திறனுக்கான அளவுகோலைத் தானே வகுத்தது. குறைந்தது 100 கேள்விகள், 75 சதவீதம் மதிப்பெண், சான்றிதழ் மூன்றாண்டுக்குச் செல்லும். அங்கேயும்கூட அது கட்டாயம் இல்லை, விரும்பினால் எழுதலாம். ஸ்பெயினின் ஆணையமும் இதே போன்ற ஒரு திட்டத்தை வைத்திருக்கிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியபோது, அதிகாரிக்கு உரிய கல்வி, தொழில் தகுதிகளை விதிகளால் வகுக்கலாம் என்று எழுதப்பட்டிருந்தது. இந்தியச் சட்டம் அந்த வாசலைக்கூடத் திறந்து வைக்கவில்லை. இது ஒரு குறை என்றே நான் நினைக்கிறேன். கோடிக்கணக்கானவர்களின் தரவைக் காக்கும் பொறுப்புக்குக் குறைந்தபட்ச அறிவு என்ன என்று சட்டம் சொல்லாமல் விட்டதால்தான், அந்த இடத்தை விளம்பரங்கள் நிரப்புகின்றன.

எல்லா நிறுவனங்களும் இப்படி ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டுமா? எங்களுடையது 12 பேர் வேலை செய்யும் டியூஷன் சென்டர்.

நியமிக்க வேண்டியதில்லை. தரவின் அளவு, அதன் நுட்பத் தன்மை, மக்களின் உரிமைக்கு நேரக்கூடிய ஆபத்து ஆகியவற்றைப் பார்த்து, ‘குறிப்பிடத்தக்க’ நிறுவனம் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்யும் நிறுவனங்களுக்கு மட்டுமே அந்தக் கட்டாயம். அவர்கள் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாக்க மதிப்பீடும் தணிக்கையும் செய்தாக வேண்டும்.

மற்றவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மாணவரின் பெயர், கைபேசி எண், மதிப்பெண், புகைப்படம் ஆகியவற்றைக் கணினியில் வைத்திருக்கும் டியூஷன் சென்டரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. தரவைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரத்தை வெளியிட வேண்டும். உங்கள் மாணவர்கள் 18 வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் என்ற விஷயமும் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு, ஆனால் அவை குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டுமே. இதற்காக ஊழியர் ஒருவரைப் பெரும் செலவில் சர்வதேசத் தேர்வுக்கு அனுப்ப வேண்டாம். சட்டத்தைப் படித்து, உங்களிடம் என்ன தரவு எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கத் தெரிந்த ஒருவர் போதும்.

வேலை தேடுகிறவர்களும் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. ‘அதிகாரி’ என்ற பெயர்ப் பலகை உள்ள இடங்கள் குறைவாகவே இருக்கும். அதன் கீழே செய்ய வேண்டிய வேலைதான் ஏராளம்: ஒப்பந்தங்களைப் பார்ப்பது, ஒப்புதல் அறிவிப்புகளை எழுதுவது, மென்பொருள் வாங்கும் முன் சரிபார்ப்பது, புகார்களுக்கு 90 நாளுக்குள் பதில் தரும் ஏற்பாட்டைச் செய்வது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் நுழைய முடியும்.

சட்டம் கேட்கவில்லை என்றால் ஐ.ஏ.பி.பி., டி.எஸ்.சி.ஐ. சான்றிதழ்கள் எதற்கு?

வேலை கொடுப்பவர் கேட்கிறார் என்பதற்காக. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள ஐ.டி., பி.பி.ஓ. நிறுவனங்களில் பல ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்கின்றன. ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. தங்கள் மக்களின் தரவை வெளியே கொடுக்கும் நிறுவனம், வாங்குகிறவர் போதிய பாதுகாப்புக்கு உத்தரவாதம் தருபவரா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் 28ஆவது பிரிவு. ஒப்பந்தப் பேச்சில், ‘உங்கள் குழுவில் யாருக்கு இந்தச் சட்டம் தெரியும்?’ என்ற கேள்வி வரும்போது, சான்றிதழ் ஒரு பதிலாகிறது.

ஐ.ஏ.பி.பி. என்பது 2000இல் தொடங்கிய, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தலைமையகம் உள்ள தொழில்முறைச் சங்கம். அது நடத்தும் தேர்வுகளில் சி.ஐ.பி.பி. சட்டத்துக்கானது, ஐரோப்பா, அமெரிக்கா என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. சி.ஐ.பி.எம். நிர்வாகத்துக்கு, சி.ஐ.பி.டி. தொழில்நுட்பத்துக்கு. சி.ஐ.பி.பி. தேர்வில் இரண்டரை மணி நேரத்தில் 90 கேள்விகள். 100 முதல் 500 வரையிலான அளவில் 300 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் ஐந்நூறு டாலருக்கு மேல். வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 20 தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்ட வேண்டும், அதற்கும் பணம் உண்டு. இந்தத் தொடர்செலவைப் பயிற்சி நிலையங்கள் முன்கூட்டியே சொல்கின்றனவா என்று பாருங்கள்.

டி.எஸ்.சி.ஐ. என்பது ஐ.டி. நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் உருவாக்கிய இந்திய அமைப்பு. அதன் டி.சி.பி.பி. சான்றிதழ் இந்திய ஐ.டி. வட்டாரத்தில் தெரிந்த பெயர். ஐசாக்கா என்ற தொழில்முறைச் சங்கத்தின் சி.டி.பி.எஸ்.இ. சான்றிதழ் 2020இல் வந்தது, மென்பொருள், தகவல் பாதுகாப்புப் பின்னணி உள்ளவர்களுக்கே பொருந்தும், அனுபவத்தையும் கேட்கும்.

எதை முதலில் எழுதுவது என்று கேட்டால், உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் எந்த நாட்டவர் என்று திருப்பிக் கேட்பேன். ஐரோப்பிய வாடிக்கையாளர் என்றால் சி.ஐ.பி.பி.யின் ஐரோப்பியப் பிரிவு பயன் தரும். முழுக்க உள்நாட்டு வணிகம் என்றால், அந்த டாலரைச் செலவழிப்பதற்கு அவசரம் இல்லை.

இரண்டு நாள் வகுப்பில் சேர்ந்தேன், ‘சர்ட்டிஃபைடு’ என்று அச்சிட்டுத் தந்தார்கள். அதுவும் ஐ.ஏ.பி.பி. சான்றிதழும் ஒன்றுதானே?

இல்லை. வகுப்பில் உட்கார்ந்ததற்குத் தருவது பங்கேற்புச் சான்று. பாடம் நடத்தாத வேறொரு தரப்பு தேர்வு வைத்து, தேறாதவரைத் திருப்பி அனுப்பி, தேறியவரையும் சில ஆண்டில் மறுபடி சோதிக்கும்போதுதான் அது தொழில்முறைச் சான்றிதழ். ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 17024 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. பாடம் நடத்துகிறவரும் மதிப்பெண் போடுகிறவரும் ஒருவருக்கொருவர் சார்பாக இருந்துவிடக் கூடாது என்பது அதன் முக்கிய அக்கறைகளில் ஒன்று.

ஐ.எஸ்.ஓ. 27701 என்ற பெயரும் விளம்பரங்களில் அடிபடும். அது நிறுவனத்தின் தனியுரிமை நிர்வாக முறைக்கான தரம். தனிநபர் ஒருவர் ‘27701 சான்று பெற்றவர்’ ஆக முடியாது. அதைத் தணிக்கை செய்வது போன்றவற்றுக்கான பயிற்சியைத்தான் பெற முடியும். ஜி.டி.பி.ஆரின் 42ஆவது பிரிவில் வரும் சான்றளிப்பும் இப்படித்தான். அது தரவைக் கையாளும் செயல்முறைக்கு உரியது, ஆட்களுக்கு உரியதல்ல. ‘ஜி.டி.பி.ஆர். 42இன்படி சான்றளிக்கப்பட்ட அதிகாரி’ என்று யாராவது சொன்னால் அவர் அந்தப் பிரிவைப் படிக்கவில்லை.

நான் வழக்கறிஞர் இல்லை, மெக்கானிக்கல் இன்ஜினியர். எனக்கு இந்த வேலை வருமா?

வரும், வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால். ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடுத்தர அளவு மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை அறிக்கையை நோயாளியின் கைபேசிக்கு லிங்க்காக அனுப்புகிறார்கள். லிங்க்கின் கடைசி எண்ணை மாற்றினால் அடுத்த நோயாளியின் அறிக்கை திறக்கிறது. இதை ஒரு நோயாளியின் மகன் கண்டுபிடித்து, சனிக்கிழமை மாலை வரவேற்பறையில் சொல்கிறார். அங்கே இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், இது ‘கம்ப்யூட்டர் பிரச்சினை’ அல்ல, தரவு மீறல் என்று அடையாளம் காண வேண்டும். யாரும் திருடாவிட்டாலும், அனுமதியின்றித் தனிநபர் தரவு வெளிப்பட்டால் அது மீறல்தான். அடுத்து, கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்பது தெரிய வேண்டும். கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று தந்த உத்தரவுப்படி, இத்தகைய சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். புதிய விதிகளின் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தபின், இந்தச் சட்டத்தின் கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். 72 மணி நேரத்துக்குள் விரிவான விவரம் தர வேண்டும். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும், என்ன நடந்தது, அதனால் என்ன ஆகலாம், மருத்துவமனை என்ன செய்கிறது, நோயாளி தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம், யாரை அழைக்கலாம் என்பதை எளிய நடையில் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

இதற்கிடையே மென்பொருளைச் செய்து கொடுத்த கம்பெனி, ‘அது எங்கள் பொறுப்பில்லை, ஒப்பந்தத்தைப் பாருங்கள்’ என்று சொல்லும். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் சட்டத்தின் முன் மருத்துவமனைதான் பொறுப்பு என்பதை 8ஆவது பிரிவு தெளிவாக்குகிறது. எந்தெந்த அறிக்கைகள் திறக்கப்பட்டன என்று அறிய லாக் பதிவுகள் வேண்டும். அவற்றை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. பதிவுகளே இல்லை என்று ஐ.டி. ஆள் கையை விரித்தால், அத்தனை நோயாளிகளுக்கும் சொல்ல வேண்டிய நிலை வரும். அப்போது மருத்துவமனை நிர்வாகி, ‘வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும், திங்கட்கிழமை பார்க்கலாம்’ என்பார். ‘முடியாது, இன்றே சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் 200 கோடி வரை அபராதம் போட வழி இருக்கிறது’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர்தான் இந்த அதிகாரி.

இதில் சட்டம் இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, துணிவு இருக்கிறது. வழக்கறிஞருக்கு லாக் பதிவு என்னவென்று தெரியாமல் இருக்கலாம். இன்ஜினியருக்கு ‘தாமதமின்றி’ என்ற சொல்லின் எடை தெரியாமல் இருக்கலாம். தனக்கு இல்லாத பாதியை ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும். இப்படியொரு சம்பவத்தை வைத்து மாணவர்களை மணிக்கணக்கில் உழைக்க வைக்காத பயிற்சி, எத்தனை பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வைத்தாலும், எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

ஐரோப்பியச் சட்டத்தைப் படித்தால் இந்தியச் சட்டமும் வந்துவிடாதா?

அடிப்படை ஒன்றுதான் என்பதால் புரிதல் எளிதாகும். அப்படியே பொருத்திப் பார்த்தால் தவறு நேரும். ஐரோப்பாவில் ‘நியாயமான நலன்’ என்ற காரணத்தைக் காட்டி, ஒப்புதல் இல்லாமலும் நிறுவனங்கள் தரவைப் பயன்படுத்த வழி உண்டு. இந்தியச் சட்டத்தில் அந்தப் பொதுவான வழி இல்லை. ஒப்புதல் வேண்டும், அல்லது 7ஆவது பிரிவில் பட்டியலிட்ட பயன்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே மக்களுக்கு ஆபத்து இல்லாத சிறு மீறலை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அப்படி வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை. அங்கே இணையச் சேவைக்கான ஒப்புதலைப் பொறுத்தவரை குழந்தை என்பது 16 வயதுக்குக் கீழே, நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம், இங்கே 18.

இன்னொரு வேறுபாட்டைப் பயிற்சிகள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. ஐரோப்பாவில் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம் என்று 82ஆவது பிரிவு சொல்கிறது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு அந்த வழியைத் தந்தது. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது 43ஏ நீக்கப்படும். அபராதத் தொகை அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. போதாக்குறைக்குப் பொய்ப் புகார் கொடுப்பது போன்ற கடமை மீறல்களுக்குப் பொதுமக்கள் மீதே 10,000 ரூபாய் வரை அபராதம் போட 15ஆவது பிரிவு இடம் தருகிறது. இந்தச் சட்டத்தைக் கற்றுத்தருகிறவர் அதன் பலத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

நான் அரசு அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலர். இதெல்லாம் தனியார் கம்பெனி விஷயம்தானே?

உங்களுக்குத்தான் இதில் மிகக் கடினமான வேலை. தகவல் சட்டம் என்பது இரண்டு கைகளால் செய்ய வேண்டிய வேலை: ஒரு கை தனிமனிதரின் தரவை மூடிக் காக்க வேண்டும், மறு கை அரசின் கோப்பை மக்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். தேசியச் சட்டம் வருவதற்கு எட்டாண்டு முன்பே, 1997இல், தகவல் உரிமைக்கென்று சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. அது விதிவிலக்குகள் நிறைந்த பலவீனமான சட்டம் என்பதும் உண்மை. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் சாதாரண மக்கள் கையில் கருவியாக வந்தது.

அந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம் என்று சொன்னது. பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் தர வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட தகவல் தொடர்பானது’ என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்த அரசு, இந்தத் திருத்தத்தை 2025 நவம்பரிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. ரேஷன் கடையின் பயனாளிகள் பட்டியல், நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு, ஒப்பந்ததாரரின் பெயர் என எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் பெயர் இருக்கத்தான் செய்யும். பெயர் இருக்கிறது என்பதாலேயே மறுத்தால் ஊழலைக் கேட்க வழியே இல்லாமல் போகும்.

எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநலன், அதனால் வரும் பாதிப்பைவிடப் பெரிதாக இருந்தால், விலக்கு உள்ள தகவலையும் தரலாம். தகவல் அலுவலர் செய்ய வேண்டியது இந்த எடைபோடுதல். கைபேசி எண்ணையும் ஆதார் எண்ணையும் மறைத்துவிட்டு, தொகையையும் பயனாளி பெயரையும் தரலாமா என்று ஒவ்வொரு மனுவிலும் யோசித்து, காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பயிற்சி மிகமிக அவசியம். காரணமின்றி மறுத்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து போகும். மத்திய அரசின் பணியாளர் துறை, ஐதராபாத்தின் நல்லாட்சி மையத்தோடு சேர்ந்து தகவல் உரிமைக்கான இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பைக் கட்டணமின்றி நடத்தி வந்திருக்கிறது. எங்கே படித்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: புதிய திருத்தத்தைச் சொல்லிவிட்டு 8(2)ஐச் சொல்லாமல் விடுகிற வகுப்பு, மறுப்பதற்கு மட்டுமே உங்களைத் தயாராக்குகிறது.

எங்கள் ஹெச்.ஆர். மேலாளருக்கே இந்தப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா?

கொடுப்பதை இந்தியச் சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் ஊழியர்களின் தரவை எதற்கு, எவ்வளவு வாங்குவது என்று முடிவெடுப்பவரே, அது சரியா என்று தீர்ப்புச் சொல்பவராகவும் இருக்க முடியாது. ஐரோப்பியச் சட்டத்தில் இது தெளிவான தடை. பெல்ஜியத்தில் 2020இல் ஒரு நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரியே இணக்கம், அபாயம், தணிக்கைத் துறைகளின் தலைவராகவும் இருந்ததற்கு 50,000 யூரோ அபராதம் விதித்தார்கள். ஐரோப்பிய வாடிக்கையாளர் இருந்தால் இந்த ஏற்பாட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

‘கன்சென்ட் மேனேஜர்’ பயிற்சிக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

சேர வேண்டாம். சட்டம் சொல்லும் ஒப்புதல் மேலாளர் என்பது தனிநபர் வேலையே அல்ல. அது தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் பதிவு செய்யப்பட வேண்டிய இந்தியக் கம்பெனி. அதற்கு நிகர மதிப்பு குறைந்தது 2 கோடி ரூபாய் இருக்க வேண்டும். அதை ஒரு பதவி போல விற்கிறவரிடம் வேறெந்தப் பாடமும் படிக்கத் தேவையில்லை.

காசில்லாதவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

சட்டத்திலிருந்து. 44 பிரிவுகளும் ஓர் அட்டவணையும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம். 23 விதிகளை அதற்கடுத்து எடுங்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தந்த தீர்ப்பு நீளமானது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஏன் சொன்னார்கள் என்ற பகுதிகளையாவது படியுங்கள். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியமும் வெளியிட்ட வழிகாட்டிகள் இலவசம். பிறகு தெரிந்த ஒரு பள்ளியிலோ கிளினிக்கிலோ அனுமதி கேட்டு, அங்கே என்ன தரவு வருகிறது, யார் பார்க்கிறார்கள், யாருக்குப் போகிறது, எப்போது அழிக்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். நேர்காணலில் அந்தத் தாளை வைத்து நீங்கள் விளக்குவது, பங்கேற்புச் சான்றை நீட்டுவதைவிட மதிப்பாக இருக்கும்.

தமிழில் நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும் என்று 6ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது தமிழ்நாட்டில் வங்கிக் கடனுக்கோ மருத்துவமனைக்கோ போகிறவர், தன் தரவு எதற்குப் போகிறது என்பதைத் தமிழில் கேட்டுப் பெறலாம். எந்திரம் மொழிபெயர்த்த, யாருக்கும் புரியாத தமிழில் அதைக் கொடுத்தால், அறிந்து தந்த ஒப்புதல் என்று அதை எப்படிச் சொல்ல முடியும்? சட்டமும் தெரிந்து, படிப்பறிவு குறைந்தவருக்கும் புரிகிற தமிழும் எழுதத் தெரிந்தவர்கள் தேவை. தமிழ்நாட்டின் சட்டக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இதை ஒரு தாளாகவேனும் வைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இந்தச் சட்டம் காக்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படிக்காதவர்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

ஏமாறும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: சான்றிதழைத் தருவது யார், தேர்வை நடத்துவது யார், புதுப்பிக்க எவ்வளவு ஆகும். மின்னஞ்சலில் பதில் தர மறுக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். கட்டணத்துக்கு ரசீது வாங்குங்கள், விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. வேலை நிச்சயம் என்று பொய் வாக்குறுதி தருவதை அவை தடுக்கின்றன. புகாரை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம். நிறுவனங்கள் மீதான பெரும்பாலான கடமைகள், அறிவிக்கையின்படி 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. ‘நாளையே கடைசி நாள்’ என்று கட்டணம் கேட்கிறவர்களிடம் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.